புகைக்குழாய்க்கு ஈயம் பூசிய பி.ஏ.

விளைவுகளை முன்கூட்டியே ஆராய்கிறவன் தவறு செய்ய மாட்டான் என்று இருபத்துமூன்று வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அவனும் தவறு செய்வான். காரண காரியங்களோடு செய்வான். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சென்னையில் பி.ஏ. முடித்துப் பினாங்குக்குத் திரும்பியதும், சமூகத்துக்கு ஏதேனும் செய்தாக வேண்டும் என்ற வேகம் என்னைப் பிடித்துக்கொண்டது. (சமூகம் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.) ஜெலுத்தோங்கில் நாங்கள் சில இளைஞர்கள் ஒரு நற்பணிச் சங்கம் நடத்திவந்தோம். நடக்க முடியாத நோயாளிகளையும் பிரசவ வலி கண்ட பெண்களையும் ரிக்‌ஷாவில் குலுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்க்க ஒரு மோட்டார் கார் வேண்டும் என்பதே எங்கள் ஒரே கனவு.

சூலியா தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த காதர் அண்ணனிடம் ஒரு கார் இருந்தது. கேட்டேன்.

"காலையிலே பன்னெண்டு மணி வரைக்கும் எடுத்துக்க தம்பி. ஆனா ஒண்ணு. புகைக்குழாய் வால்பக்கம் கடல் காத்துலே துருப்புடிச்சு உதுருது. சூட்டையும் தாங்கணும், உப்பையும் தாங்கணும், அப்படி ஒரு பூச்சுப் பூசிக் கொண்டா. ஒரு முழக் குழாயைப் பாத்துக்கத் தெரியாதவன் கையிலே முழுக் காரை எப்படிக் குடுக்கிறது?"

நியாயமான பரீட்சை. ஒரு வாரம் நோட்டில் கட்டங்கள் போட்டு ஆராய்ந்தேன். சாதாரண வர்ணம் கொப்பளிக்கும். எனாமல் விரிசல் விடும். சில வர்ணங்களில் நஞ்சு உண்டு. அது சூட்டில் ஆவியாகிப் பின்னால் வரும் சைக்கிள்காரரின் நெஞ்சுக்குள் போனால் பொறுப்பு யாருடையது? (அந்தச் சைக்கிள்காரருக்காக ஓர் இரவு தூக்கம்கூடக் கெட்டது.) எட்டாம் நாள் எங்கள் சமையலறையில் விடை பளபளத்தது. தினந்தோறும் அடுப்பில் ஏறும் பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்தில் ஈயப் பூச்சு! துருவில்லை, நஞ்சில்லை, அதில்தானே சமைத்துச் சாப்பிடுகிறோம்!

"பாத்திரத்துக்குள்ளே தலைய விட்டு என்னடா தேடுறே?" என்றாள் மீனாட்சி அக்கா.

"இது மோட்டார் விஷயம். உனக்குப் புரியாதுக்கா."

குழாயின் வால்துண்டைக் கழற்றி, பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் முத்தையாவிடம் கொண்டுபோனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னா பாத்திரம் தம்பி இது? ரெண்டு பக்கமும் ஓட்டையா இருக்கு?"

"கார்லே மாட்டுறது. நல்லாச் சூடாகும்."

"ஆகட்டும். தண்ணி இருக்கும்லே?"

"தாராளமா! தினம் காலையிலே நானே ஊத்துவேன்" என்றேன், காரின் முன்பக்கத்து ரேடியேட்டரை மனத்தில் வைத்து.

"அப்பக் கவலையே இல்லே" என்று அவர் உள்ளும் புறமும் பூசிக் கொடுத்தார். வெள்ளிக் கிண்ணம்போல மின்னியது.

சோதனை ஓட்டத்துக்குக் காதர் அண்ணன் வெள்ளைச் சட்டையும் புதுத் தோல் செருப்புமாக வந்து பின்னால் அமர்ந்தார். ஆயர் ஈத்தாம் பக்கத்து மேட்டில் ஏற்றிக் காட்டச் சொன்னார். எஞ்சின் முக்கி முனகி ஏறியது. உச்சியில் நிறுத்தியதும், கடலை விற்றுக்கொண்டிருந்த ஒருவர் கத்தினார்: "அண்ணே! கெரேத்தாவுக்கு மூக்கு ஒழுகுதுலா!" (கெரேத்தா என்றால் மலாயில் கார்.)

இறங்கிப் பார்த்தோம். என் ஆராய்ச்சி சொட்டுச் சொட்டாகத் தாரில் விழுந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்த காதர் அண்ணனின் செருப்பு நுனியில் ஒரு சொட்டு விழுந்து, புதுத் தோலில் ஓட்டை போட்டது.

"அண்ணே, இதன் விளைவை நான்..."

"பேசாதே."

திரும்பும்போது அவரே ஓட்டினார். பிரசவ வலியோடு ரிக்‌ஷாவில் குலுங்கும் பெண்கள் வழியெல்லாம் என் கண்முன் வந்தார்கள். எங்கள் வீட்டு வாசலில் கார் நின்றதும் அக்கா வந்து பார்த்தாள். சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணியில்லாம ஈயச்சொம்பை அடுப்பிலே வெச்சா உருகிடும்னு பாவாடை கட்டுற பிள்ளைக்குக்கூடத் தெரியுமேடா! நீ ரசம் சாப்பிட்டுத்தானே வளந்தே?"

காதர் அண்ணன் சிரிக்கவில்லை. "அப்ப நீ சொல்லு தங்கச்சி. என்னா பூசலாம்?"

"நம்ம தோசைக்கல்லு துருப்புடிக்குதா அண்ணே? நல்லாத் தேய்ச்சு, மெலிசா எண்ணெய் தடவி, புகை அடங்குற வரைக்கும் காய்ச்சணும். நாலஞ்சு தடவை செஞ்சா கறுப்பாப் புடிச்சுக்கும். அப்புறம் வாரம் ஒருக்கா எண்ணெய்த் துணி போதும்."

அவளே செய்தாள். மூன்று வாரக் கடற்காற்றிலும் ஒரு பொட்டுத் துரு இல்லை. காதர் அண்ணன் குழாயை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"கார் உங்க சங்கத்துக்குத்தான். ஆனா தங்கச்சியும் சங்கத்துலே இருக்கணும். உன்னையத் தனியா நம்பி ஒரு ஆணிகூடத் தர மாட்டேன்."

எங்கள் சங்கத்தில் அதுவரை பெண்கள் கிடையாது. "வெப்பம் பற்றிய அனுபவ அறிவுடையோர் ஒருவரேனும் செயற்குழுவில் இருத்தல் இன்றியமையாதது" என்று நானே தீர்மானம் எழுதினேன். ஒருவர்கூட எதிர்க்கவில்லை. (யாருக்கும் அது புரியவில்லை என்பது என் சந்தேகம்.)

கார் ஓடத் தொடங்கிய பிறகுதான் ஒன்று விளங்கியது. அக்கா கூட வந்ததால்தான் பெண்கள் காரில் ஏறினார்கள். முன்பின் தெரியாத இளைஞனோடு தனியாக ஏற ஒருத்தியும் சம்மதித்திருக்க மாட்டாள். என் நோட்டின் எந்தக் கட்டத்திலும் இந்த விளைவு இல்லை. அடுத்த ஆண்டுக்குள் செயற்குழுவில் ஐந்து பெண்கள் இருந்தார்கள்; அக்கா தலைவியானாள்.

இன்றும் வீட்டுக்கு வருகிறவர்கள் என் பிள்ளைகளிடம், "உங்க அத்தை எப்படிப் பொதுவாழ்வுக்கு வந்தாங்க?" என்று மரியாதையோடு கேட்பதுண்டு. பிள்ளைகள் என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு ஒரே குரலில் சொல்வார்கள்:

"புகைக்குழாய் வழியா!"