கத்திரி அக்கா விட்டுவைத்த வாக்கியம்

எங்கள் திருவொற்றியூரில் கத்திரி அக்காவிடம் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்த ஆள் கிடையாது. போன மாதம் எமன் வந்து "அம்மா, உன்னுடைய காலம்..." என்று ஆரம்பித்திருப்பான். "விஷயத்துக்கு வா நைனா" என்று அவனையும் வெட்டியிருப்பார். சந்தேகமே வேண்டாம்.

அக்காவுக்கு அரசாங்க டிவியில் எடிட்டர் வேலை. மந்திரிகளின் இருமலையும் அறிஞர்களின் "அதாவது வந்து"வையும் வருஷக்கணக்கில் வெட்டி வெட்டி, அந்த வியாதி காலடிப்பேட்டை வீடு வரைக்கும் கூடவே வந்துவிட்டது. தையல்கடை காதர் பாய் தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்கப் போனார்.

"இன்னாக்கா, எப்டி கீற, வூட்ல அல்லாரும்..."

"கட்! தேதி?"

சொன்னார்.

"மண்டபம்?"

அதையும் சொன்னார்.

"வந்துர்றேன், போ."

கதவு சாத்தியாகிவிட்டது. கல்யாணத்திலாவது சும்மா இருந்தாரா? வாழ்த்த வந்த கட்சிக்காரர் ஒருவர் தன் பொதுவாழ்வை ஒண்ணாங்கிளாஸிலிருந்து தொடங்கினார். அக்கா எழுந்து போய் மைக் ஒயரைப் பிடுங்கிவிட்டார். "பிரியாணி ஆறிகினு கீது தலைவரே!" பந்தியில் விழுந்த கைதட்டலைத் தனக்கு என்று நினைத்து அந்த மனிதர் கும்பிட்டார், பாவம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஷன் கடை மூடியிருக்கும். அதன் படியில் அக்கா உட்கார்ந்து, தெருக்காரர்களின் மனுக்களைத் திருத்திக் கொடுப்பார். யார் கேட்டது? யாரும் கேட்கவில்லை, அவராகவே உட்கார்ந்தார். சாக்கடை அடைப்பைப் பற்றி நான் இரண்டு பக்கத்துக்கு ஒரு மனு எழுதிப் போனேன். பத்திரிகையில் எழுதுகிறவன் இல்லையா, உவமையெல்லாம் போட்டிருந்தேன். அக்கா அடித்தது போக மிஞ்சியது: "சாக்கடை அடைத்துக்கொண்டது. இன்றைக்கே வாருங்கள்."

எனக்கு வந்ததே கோபம்! மறுநாள் காலையில் ஆட்கள் வந்து அடைப்பை எடுத்துவிட்டார்கள். அதனால் கோபம் இன்னும் அதிகமாயிற்று.

ஆனால் எல்லாவற்றையும் வெட்டுகிற ஆள் இல்லை அவர். எண்ணூர் பக்கத்து மீன்காரம்மா ஒருவரின் பேட்டி டிவிக்கு வந்தபோது, "இந்தம்மா பேசற பாஷை நல்லால்ல. குரலை எடுத்துட்டு வேற யாரையாவது பேசவெச்சுப் போடுங்க" என்றார் அதிகாரி. "மந்திரி முக்கி முனகினா வெட்டறேன் சார். இந்தம்மா முக்கவே இல்லியே, எங்க வெட்டறது?" என்றார் அக்கா. மெமோ வந்தது. இப்படி வந்த மெமோக்களை எல்லாம் பத்திரமாக அடுக்கி வைத்திருந்தார். கேட்டால், "பின்பக்கம் வெள்ளையா கீது, வேணும்" என்பார்.

வேண்டித்தான் இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள காலி நிலத்தில் ஒரு கம்பெனி நிலக்கரி கொட்டப் போகிறது என்று சேதி வந்தது. கருத்துக் கேட்புக் கூட்டமாம். ஆளுக்கு இரண்டு நிமிடம், அதற்குமேல் மைக் செத்துவிடும். முன்பு ஒரு கூட்டத்தில் நாங்கள் பெரியோர்களே, தாய்மார்களே என்று வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய், "எதிர்ப்பு எதுவும் இல்லை" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வயிற்றெரிச்சல் எங்களுக்கு இன்னும் ஆறவில்லை.

அக்கா மூன்று ஞாயிறு எங்களைப் பேசவைத்துக் கேட்டார். பிறகு எல்லோர் பேச்சையும் வெட்டி, ஒரே பேச்சாக ஒட்டி, மெமோக்களின் பின்பக்கத்தில் எழுதி ஆளுக்கொரு தாள் கொடுத்தார். "மைக் நின்னா நிக்கட்டும். அடுத்த ஆள் அதே வார்த்தையிலருந்து எடு. எவனும் வணக்கம் சொல்லக்கூடாது, சொன்னா நானே வந்து பிடுங்குவேன்!"

கூட்டத்தில் முதல் ஆள் காதர் பாய். இரண்டு நிமிடம் முடியும்போது, "வெள்ளைத் துணி தைக்கறதையே வுட்டுட்டேன். ஏன்னா இப்பவே காத்துல..." மைக் செத்தது. நான் போய் நின்றேன். "...கரித்தூள் பறக்குது" என்று தொடங்கினேன்.

"உங்க பேரு?" என்றார் அதிகாரி.

"பேரு அப்புறம் சார், வாக்கியம் பாதியில நிக்குது."

இருபத்தெட்டுப் பேர் சார், ஒரே பேச்சு! எவரை நிறுத்தினாலும் அடுத்தவர் அந்த இடத்திலிருந்தே எடுத்தார். எழுதுகிறவருக்கு வேர்த்துவிட்டது, ஆனாலும் ஒரு வரி விடாமல் எழுதினார். கடைசியாக எங்கள் தெருவில் மீன் விற்கும் முனியம்மா.

"எம் பேரன் அந்தப் பள்ளிக்கூடத்து ஜன்னலாண்டதான் குந்திகினு கீறான். அவனுக்கு இப்பவே இழுப்பு. கரி வரக்கூடாது."

அவ்வளவுதான். அக்கா ஒரு எழுத்துகூட வெட்டாத தாள் அது ஒன்றுதான். பேசி முடித்த முனியம்மா நகரவே இல்லை.

"முடிஞ்சுதாம்மா?"

"பேச்சு முடிஞ்சிச்சு. மீதி நேரம் எனுது, நான் நிக்கறேன்."

இரண்டு நிமிடம் ஆகிற வரை அதிகாரியின் முகத்தைப் பார்த்தபடியே நின்றார். அந்த மனிதர் தண்ணீர் குடித்தார், பேனாவை மூடினார், திறந்தார். இன்றுவரை கரி வரவில்லை. வரட்டும் பார்க்கலாம்.

போன மாதம் ஆபீசுக்குக் கிளம்பும்போது அக்காவுக்கு மார்வலி. ஆஸ்பத்திரி வரைக்கும்கூட இழுக்கவில்லை. மூலக்கொத்தளத்தில் அடக்கம் முடிந்து, அந்தக் காலி நிலத்திலேயே இரங்கல் கூட்டம் வைத்தோம். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றுதான் ஏற்பாடு. வணக்கம், உவமை எல்லாம் நானே அடித்துவிட்டு, நாலே வரியோடு ஏறினேன்.

"அக்கா எங்களுக்கு..." என்றேன். கையிலிருந்த தாளில் மீதி வரிகள் கலங்கிவிட்டன.

காதர் பாய் எழுந்து வந்து மைக்கை வாங்கினார். "...பேசக் கத்துக் குடுத்துச்சு. அதுக்கு முன்னாடி நாங்க..." அவருக்கும் அதற்குமேல் முடியவில்லை.

முனியம்மா வந்தார். மைக்கைத் தொடவில்லை. "மீதி நேரம் எனுது" என்று சொல்லிவிட்டு நின்றார். நாங்களும் எழுந்து நின்றோம். மைக்கில் எங்கள் மூக்குறிஞ்சலும் விசும்பலும்தான் கேட்டன. எடிட்டர் முதலில் தூக்கி எறிகிற இடம் அதுதான்.

அக்கா, அத்த மட்டும் வெட்டிடாத.