இரைச்சலைத் திருப்பிக் கொடு

மாநகராட்சியின் ஒலித்திட்டப் பொறியாளரும் என் ஒரே மகளுமான உனக்கு, அப்பா ஆசியுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நலமாக இருப்பது இப்போது பக்கத்து வீடுவரை கேட்கிறது, அதுதான் பிரச்சினை.

நம் தெருவில் போன பேருந்துகளை வேறு வழியில் திருப்பிவிட்டாய், டயர் இரைச்சல் எழாத தாரைப் போட்டாய், ஹாரனுக்குத் தடை வாங்கினாய், எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். மறுநாளே உன் அத்தையிடம் போனில், கீழ்வீட்டுத் தையல்காரர் தைத்த சட்டை சாக்கு மாதிரி இருக்கிறது என்று வழக்கமான குரலில்தான் சொன்னேன். மனுஷர் மாடியேறி வந்து, "சாக்குன்னா கழட்டிக் குடுங்க சார், பிரிச்சுத் தர்றேன்" என்று வாசலிலேயே நின்றுவிட்டார். ஒருவழியாகச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு, "இந்த வீட்டுல வாயைத் தொறக்க முடியல" என்று முணுமுணுத்தேன். அடுப்படியிலிருந்து உன் அம்மா, "தொறந்ததாலதானே வந்தாரு?" என்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து நான் முணுமுணுத்ததையெல்லாம் பேருந்துகள் விழுங்கிக்கொண்டிருந்தன, அந்தத் தைரியத்தில்தான் குடும்பமே நடந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

சரி, வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடினால் காது திறந்துகொள்கிறதே, அதற்கு என்ன செய்ய? ஃபிரிட்ஜ் முனகுவது, என் முழங்கால் சொடுக்குவது, எல்லாம் கேட்டது. நேற்று உன் அம்மா துணி மடித்தபடி தனக்குத்தானே, "பேச்சுத் துணைக்கு ஒரு ஆளில்ல" என்றாள். கோபமாகக்கூட இல்லை, மழை வரும் போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னாள். நான் அடுத்த அறையில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தைத் திருப்பினால் நான் இருப்பது தெரிந்துவிடுமே என்று திருப்பவே இல்லை. எத்தனை வருஷமாக இதைச் சொல்கிறாளோ! எழுந்து போய்க் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை கண்ணு. அதனால் அந்தப் பழைய இரைச்சலைத் திருப்பிக் கொடுத்துவிடு. எல்லாப் பேருந்தும் வேண்டாம், நாலு விட்டால் போதும்.

வேளைக்குச் சாப்பிடு. ஊரின் காதைப் பார்த்துக்கொள்கிற மும்முரத்தில் உன் உடம்பை விட்டுவிடாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது என் பழக்கம், உனக்குத் தெரியும், எனக்குத்தான் மறந்துவிட்டது. உன் அம்மா முழுவதையும் கேட்டுவிட்டாள். எதிரில் வந்து உட்கார்ந்து, "அவகிட்ட சொன்னதை எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே" என்றாள். கேட்டேன். பேருந்து ஒன்றுகூட விடாதே. அவள் பேசிக்கொண்டிருக்கிறாள்.