எங்கள் மடத்து முயல் நல இலாகா

வாயில்லா ஜீவன்களிடம் எப்படி அன்பு செலுத்துவது என்பதை உலகத்துக்குக் கற்பித்தது இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் உள்ள எங்கள் வின்ஹோம் கிறிஸ்தவ மடம்தான். நான் அந்த மடத்தின் எழுத்தர். ஆகவே இது முற்றிலும் நடுநிலையான கருத்து.

கடல் கடந்து எங்கள் நாட்டுக்கு வந்த முயல்கள் மென்மையானவை. ஈர மண்ணில் கால் சில்லிட்டுவிடும். வளை தோண்டவும் தெரியாது. எனவே எட்வர்டு மன்னர் ஆட்சியின் பதினைந்தாம் ஆண்டில், தலைமைத் துறவி ரானுல்ஃப் உத்தரவிட, ஊரார் திரண்டு மணல்மேடு எழுப்பினார்கள். கல் பாவிய வளைகள் அமைத்தார்கள். மேட்டின் மேல், தீவனம் நனையாதிருக்கப் புதுக்கூரை போட்ட கொட்டகையும் கட்டினார்கள். கூலி கொடுத்து அன்பைக் கொச்சைப்படுத்த மடம் விரும்பவில்லை.

முயல்கள் அந்த வசதியை மூன்று வாரம் அனுபவித்தன. பிறகு அடுத்திருந்த வைமார்க் என்ற விதவையின் பார்லி வயலை 'மேற்பார்வை' செய்யப் போய்விட்டன. அவள் முயல் காப்பாளர் ஹாமோவிடம் முறையிட்டாள்.

"பாதி வயலத் தின்னுடுச்சுய்யா."

"தின்னல, ருசி பாத்திருக்கு. மடத்து முயலுக்கே புடிச்ச பார்லின்னு பெருமைப்படு."

"வேலியாவது போட்டுக்கிறேனே."

"போட்டா அதுக்கு மூக்குல குத்தாதா?"

தோண்டத் தெரியாத முயல்கள் வைமார்க்கின் வீட்டடியில் தோண்டக் கற்றுக்கொண்டன. ஒரு மழையில் சுவர் சரிந்து வீடே உட்கார்ந்துவிட்டது. தெய்வாதீனமாக முயல்களுக்குக் காயமில்லை. வைமார்க்குக்குத் தோள்பட்டையில் அடி. இரண்டையும் அதே வரிசையில் பதிவு செய்தேன்.

தலைமைத் துறவி முன் விசாரணை நடந்தது.

"முயல் குடியிருக்கிற எடத்துக்கு மேல இவ வீடு கட்டியிருக்கா சாமி" என்றார் ஹாமோ.

"எங்க மாமனார் கட்டினதுங்க."

"முன்யோசனை இல்லாத மனுஷன்."

திரும்பக் கட்ட மரம் கேட்டாள். மடத்துக் காட்டு மரங்கள் மான்களின் நிழலுக்கு. கூரைக்கு வைக்கோல் கேட்டாள். அது முயல்களின் படுக்கைக்கு. அவள் எதிர்த்துப் பேசாமல் போனதை நான் மனதாரப் பாராட்டினேன். மறுநாள் காலையில் பார்த்தால், இரண்டு மகள்களோடு கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிம்மா, இது முயல் வீடு" என்றார் ஹாமோ.

"அது என் வீட்டுல இருக்கு. அத காலி பண்ணச் சொல்லுங்க, நானும் பண்றேன்."

மறுபடியும் கூட்டம். விதிப்படி கொட்டகையில் முயல் தவிர வேறெவரும் தங்கக் கூடாது. அவளை வெளியேற்றினாலோ மரம் கொடுக்க வேண்டிவரும். பகல் முழுவதும் யோசித்து, தலைமைத் துறவி நுட்பமான ஒரு வழி கண்டார். நான் ஏட்டில் எழுதினேன்: 'முயல், பெரியது ஒன்று, சிறியது இரண்டு.'

அன்று முதல் அவளுக்கு ஒழுகாத கூரை, குளிருக்கு வைக்கோல். மடத்து நிலத்தில் உழைக்க வேண்டியதில்லை. அவள் மேல் யாரும் கை வைக்கவும் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முப்பத்திரண்டு குடும்பங்கள் என் வாசலில் நின்றன.

"எங்களையும் முயலா எழுதிக்கங்கய்யா."

செய்தி கேட்டுத் தலைமைத் துறவியே வந்துவிட்டார். அவருக்கு மனம் தாளவில்லை.

"கடவுள் உங்கள மனுஷராப் படைச்சிருக்காரு. முயல எதுக்கு வளக்குறோம்னு தெரியுமா? என்னைக்காவது புடிச்சு அறுத்துத் தின்னுடுவோம்."

கூட்டத்தோடு நின்றிருந்த வைமார்க்தான் பணிவாகப் பதில் சொன்னாள்.

"தெரியும் சாமி. ஆனா முயல ஒரு தடவதான திம்பீங்க?"