மணியடித்தும் இறங்காதவர்

மூன்றாவது முறை மணியடித்தும் பேராசிரியர் மேடையை விட்டு இறங்குவதாக இல்லை.

கல்லூரியில் நாட்டு வளர்ச்சி பற்றிய மாணவர் பொருளாதார மாநாடு. நேரம் பார்த்து மணியடிக்கும் பொறுப்பு மூன்றாம் ஆண்டு மாணவன் கறாரிடம். அது நண்பர்கள் வைத்த பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

வெளியூர்ப் பேராசிரியருக்கு அடுத்து, கடைசியாகப் பேச வேண்டியவள் அவனுடைய தங்கை. முதலாம் ஆண்டு, முதல் கட்டுரை. விடுமுறை முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கி எழுதியது.

"நான் கடைசி வரிசையில உக்காந்துக்கறேண்ணா. உன் மூஞ்சியப் பாத்தாலே எனக்குப் பேச்சு வராது" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

மதியம் அதே அரங்கில் தேர்வு. பேராசிரியர் இப்படியே இழுத்தால் அவள் உழைப்பு அத்தனையும் வீண். கறார் ஓங்கி மணியடித்தான்.

"அருமையான மணி! வெண்கலம். உலோகத் தொழில் வளராமல் எந்த நாடு வளர்ந்தது?" என்று புதிதாக ஆரம்பித்தார் பேராசிரியர்.

'நேரம் முடிந்துவிட்டது' என்று துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பினான். அவர் அதை மைக்கில் வாசித்தார்.

"ஒரு மாணவர் கேட்கிறார். ஏழை நாடுகள் முன்னேற நேரம் முடிந்துவிட்டதா? ஆழமான கேள்வி. விரிவாகவே பதில் சொல்கிறேன்."

கைதட்டினால் முடித்துக்கொள்வார் என்று கறார் தட்டினான். அரங்கமே சேர்ந்து தட்டியது. பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"இவ்வளவு ஆர்வமா! அப்படியானால் இன்னும் கொஞ்சம்..."

கறார் மைக்செட்காரரிடம் ஓடினான். "அண்ணே, மைக்கை ஆஃப் பண்ணுங்க!"

"வேணாம் தம்பி. பெரியவரு பேசட்டும், விடுங்க."

"உங்களுக்கென்ன, உக்காந்து கேப்பீங்க!" என்று அவனே ஒயரைப் பிடுங்கினான்.

காலமெல்லாம் மைக் இல்லாமல் வகுப்பெடுத்த தொண்டை அது. ஜன்னல் கண்ணாடி அதிர, முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. மேஜையில் கிடந்த மாநாட்டு மலரைக் கையில் எடுத்துப் புரட்டியபடியே முழங்கினார்.

"உறுதியான கம்பியே உயரமான கட்டடத்தின் உயிர்! ஆண்டுக்கொரு முறை கண் பரிசோதனை அவசியம்! எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது!"

முன்வரிசை மாணவிகள் மும்முரமாகக் குறிப்பெடுத்தார்கள். "எவ்வளவு ஆழமா சொல்றாருடி!" என்றாள் ஒருத்தி.

கறார் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, பேராசிரியர் பாதி வாக்கியத்தில் "நன்றி, வணக்கம்" என்று இறங்கிவிட்டார்.

தங்கை மேடையேறினாள். முகமெல்லாம் வியர்வை, மூச்சு வாங்கியது. பாவம், பயந்துவிட்டாள் என்று கறார் நினைத்தான். ஒயரை அவசரமாகச் செருகினான்.

"நான் போன வீட்டிலெல்லாம் அம்மாக்களிடம் 'என்ன வேலை பார்க்கிறீர்கள்?' என்று கேட்டேன்" என்று தொடங்கினாள். "அடுப்பில் ஒரு கண், அழும் குழந்தைமேல் ஒரு கண், கையில் துவைத்த துணி. அப்படியே நின்றுகொண்டு, 'சும்மாதான் இருக்கேன்' என்றார்கள். அந்தச் சும்மாவைத் தேசிய வருமானத்தில் எந்தப் பக்கம் எழுதுவது?"

திரையில் படங்களைக் காட்டி அவள் விளக்க விளக்க, வீட்டில் பல்லிக்குப் பயந்து அலறுகிறவளா இவள் என்று கறார் வாயைப் பிளந்தான். பெருமையில் கண் கலங்கியது. மணியடிக்க வேண்டும் என்பதே மறந்துபோனது. அவள் முடித்ததும் முதலில் எழுந்து கைதட்டியவர் பேராசிரியர்தான்.

அரங்கு காலியானதும் மைக்செட்காரர் ஒயரைச் சுருட்டினார். கறாருக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

"கொஞ்சம் விட்டிருந்தா என் தங்கச்சி நேரத்தையும் சேத்து முழுங்கியிருப்பாரு அந்த மனுஷன்!"

"நீங்க வேற தம்பி! அவரு பேச்சு உங்க மொத மணிக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு. உங்க தங்கச்சி பென்டிரைவை வீட்லயே வச்சுட்டு வந்துட்டு, எங்கண்ணனுக்குத் தெரிஞ்சா கொன்னே போடுவான்னு வாசல்ல நின்னு அழுதுச்சு. 'போய் எடுத்துட்டு வாம்மா, நீ வர்ற வரைக்கும் நான் இறங்க மாட்டேன்'னு வாக்குக் குடுத்துட்டு ஏறுன மனுஷன், கடைசியில மலர்ல இருந்த விளம்பரத்தையெல்லாம் படிச்சுல்ல ஒப்பேத்துனாரு!"