இன்னைக்கு என்ன கப்பல்?

முதலில் கேட்டது கப்பலின் சங்கு. விடியற்காலையில் டெவன்போர்ட் துறைமுகத்து ஆற்றுக்குள் நுழையும்போது ஊதுகிற நீளச் சங்கு. அடுத்தது, சிமெண்டுத் தரையில் சக்கரம் உருளும் கடகட. லொரேன் குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போகிறாள். அது அவள் கணவர் நெவிலின் வேலை. நெவில் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

அந்தக் கப்பலின் எஞ்சின் அறையில் பாதி ஆயுளை ராத்திரி ராத்திரியாகக் கழித்தவர் அவர். ஓய்வு பெற்ற அன்று ஒரு சபதம் எடுத்தார். இனி எந்தச் சங்குக்கும் எழுந்திருப்பதில்லை. சபதத்தை அவர் காப்பாற்றினார். சபதம் அவரைக் காப்பாற்றவில்லை. முதலில் சவரம் நின்றது. பிறகு நடை. பிறகு பேச்சும் குறைந்தது. லொரேனுக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் பயம் வந்தது.

"நெவில், ஒரு உதவி வேணும்."

"எனக்கு நேரமில்ல."

"படுத்துக் கிடக்கிற ஆளுக்கு என்ன நேரமில்ல?"

"படுக்கவே நேரம் பத்தல."

"எங்க தொண்டு மையத்துல, தனியா இருக்கிற வயசானவங்களுக்குத் தினம் போன் பண்றோம்ல? கிளாரின்னு ஒருத்தர். சம்சாரம் தவறிட்டாங்க. நாங்க யாரு கூப்பிட்டாலும் பட்டுனு வச்சிடறார். கப்பல்ல வேலை பார்த்தவங்க யாராவது காலையில ஏழு மணிக்குக் கூப்பிட்டா பேசுவாராம்."

"வேற ஆளே இல்லையா?"

"இருக்கே. பக்கத்து வீட்டு டெனிஸ் நான் செய்றேங்கறான்."

"டெனிஸா? கப்பலுக்கும் குளியல் தொட்டிக்கும் வித்தியாசம் தெரியாதே அவனுக்கு!"

மறுநாள் ஏழு மணிக்கு நெவில் போனை எடுத்தார்.

"கிளாரியா? நெவில் பேசறேன். எப்படி இருக்கீங்க?"

"இன்னும் சாகல. இன்னைக்கு என்ன கப்பல் வந்திருக்கு?"

"தெரியாதே."

"என்னய்யா கப்பல்காரன் நீ? என் ஜன்னல்ல பார்த்தா செவுருதான் தெரியுது. நாளைக்குப் பார்த்துட்டு வந்து சொல்லு."

பார்ப்பதற்கு ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். போவதற்குக் கால்சட்டை போட வேண்டும். கரையில் தூண்டில் போடுகிறவர்களும் நாயோடு நடக்கிறவர்களும் வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். அவர்களுக்காகச் சவரம் செய்ய வேண்டியதாயிற்று. கிளாரி நாளுக்கு நாள் பேராசைக்காரர் ஆனார். எந்தக் கொடி? எத்தனை கயிறு கட்டினார்கள்? கடற்பறவைகள் எந்தப் பக்கம்?

"பாவம் லொரேன், அந்த மனுஷன். நான் மட்டும் இல்லேன்னா என்ன ஆவாரோ!" என்பார் நெவில், ரொட்டியைக் கடித்தபடி.

"ஆமா, பாவம்" என்பாள் லொரேன். வெண்ணெய் தடவுவதில் அவளுக்கு அப்போது அபாரமான கவனம்.

ஒருநாள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கிளாரி எடுக்கவில்லை. நெவில் மறுபடி அடித்தார். எடுக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு, லொரேன் எப்போதோ சொன்ன மஞ்சள் கதவு வீட்டுக்குப் பறந்தார். கதவு உடைகிற மாதிரி தட்டினார்.

திறந்தது முழங்கால்வரை நனைந்த ஒரு கிழவர். "சமையலறைக் குழாய் கழண்டுடுச்சுய்யா. துடைப்பம் பிடிக்கத் தெரியுமா?"

போன உயிர் திரும்பி வந்து, நெவில் உள்ளே நுழைந்தார். நின்றுவிட்டார். முன்னறை முழுக்க ஒரே ஜன்னல். ஜன்னல் முழுக்க ஆறு. ஆறு முழுக்கக் கப்பல். கயிறு சுற்றுகிறவனின் தொப்பிகூடத் தெரிந்தது. போதாததற்கு, ஜன்னலடியில் ஒரு தொலைநோக்கி.

"செவுருதான் தெரியும்னீங்க?"

கிளாரி கழுத்தைச் சொறிந்தார். "மாட்டிக்கிட்டேன்."

"எதுக்கு இந்தப் பொய்?"

"நான் தொண்டு செய்றவன்யா! மையத்து அம்மா ஒருத்தங்க கேட்டுக்கிட்டாங்க. கட்டிலை விட்டு எழாத ஒரு ஆள் இருக்கார், அவரையே தினம் உங்களைக் கூப்பிட வைக்கிறேன், வெளியே போய்ப் பார்த்தாத்தான் பதில் சொல்ல முடியுங்கிற மாதிரி ஏதாவது கேளுங்கன்னாங்க."

"அந்த அம்மா என் சம்சாரம்."

"தெரியும். அந்த ஆள் நீதான்."

இருவரும் கொஞ்ச நேரம் தண்ணீரைத் துடைத்தார்கள்.

"என் சம்சாரம் போனப்புறம் இந்த ஜன்னலுக்குத் திரை போட்டே வச்சிருந்தேன்" என்றார் கிளாரி, துணியைப் பிழிந்தபடியே. "நீ சரியாச் சொல்றியான்னு பார்க்கத்தான் திறந்தேன். ஒருநாள் பச்சைக் கப்பலை நீலம்னு சொன்ன. அன்னைக்குப் பூரா எனக்குச் சிரிப்பு. இதை உன் சம்சாரத்துக்கிட்ட சொல்லிடாதே. நான்தான் உதவி செய்றேன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க."

வீடு வரும்வரை நெவில் சண்டைக்கு வசனம் தயாரித்தார். ஒவ்வொன்றும் முத்து. லொரேன் கேட்டாள்: "கிளாரி எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார்" என்றார் நெவில்.

மறுநாள் சங்கு ஊதியது. மானஸ்தர் அசையவில்லை. யார் கூப்பிட்டால் என்ன, யார் எழுந்தால் என்ன. அப்புறம் அந்தத் திரை ஞாபகத்துக்கு வந்தது. இந்நேரம் கிளாரி அதை விலக்கியிருப்பார்.

பூனைபோல எழுந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். கதவுவரை வந்துவிட்டார்.

"போறதுதான் போற," என்றது லொரேனின் தலையணை, "அந்தக் குப்பைத் தொட்டியையும் தள்ளிட்டுப் போ."

சிமெண்டுத் தரையில் சக்கரம் கடகடவென்று உருண்டது.