அத்தானின் கால அட்டவணை

தையல் கடை,
புதன்கிழமை மதியம்.

பெருமதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அத்தான் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் துணி வெட்டும் மேசையில் குனிந்து நின்று எழுதிக்கொள்வது. இங்கே நானும், நீங்கள் தங்கச்சி என்று கூப்பிடும் என் மனைவியும், தையல் மிஷினும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் உங்கள் விசிலும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, கைகளை மேலும் கீழும் ஆட்டி உடற்பயிற்சி செய்துகொண்டே பேசுவீர்கள். நான் சொல்வது அக்காவுக்குக் கேட்கும், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். கடிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது என்பதால் எழுதுகிறேன்.

இரண்டரை மாதத்துக்கு முன்னால் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, காஜா அம்மாதான். பத்து வருடமாக என் கடை வாசலில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் துளை போட்டுத் தருகிறாரே, அவரைத்தான் சொல்கிறேன். அன்று காலை கத்தரிக்கோலைக் கையில் வைத்தபடி துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மதியம் அவர் சாப்பிட்டுவிட்டு வந்தபோதும் அதே துணி, அதே கத்தரிக்கோல், அதே நான். "ஏண்ணே, துணி தானா வெட்டிக்கும்னு காத்திருக்கீங்களா?" என்றார். வழக்கமாக அவர் சொல்லும் எதற்கும் நான் சிரித்துவிடுவேன். அன்று சிரிப்பு வரவில்லை. அதற்கப்புறம் ஒரு வாத்தியாரின் சட்டைக்கு இரண்டும் இடது கையாக வைத்துத் தைத்தேன், ஒரு பேண்டுக்குப் பாக்கெட்டின் வாயை மூடித் தைத்தேன், அளவு கொடுக்க யாராவது படியேறினால் மிஷினுக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்று இருந்தது. தூக்கம் போய்விட்டது. பசி அதற்கும் முன்னாலேயே போய்விட்டது. உங்கள் தங்கச்சி அக்காவுக்குப் போன் செய்ய, அக்கா உங்களிடம் சொல்ல, நீங்கள் ஸ்பீக்கரில் வந்தீர்கள். "டேய், இதுக்குப் பேரு மனச்சோர்வு. மாத்திரைப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுத்துடாதே. இயற்கையாத்தான் சரி பண்ணணும். முப்பத்தஞ்சு வருஷம் டிரில் மாஸ்டரா இருந்தவன் சொல்றேன், வேர்த்தா எல்லாம் போயிடும்" என்றீர்கள்.

உங்களை நம்பாமல் நான் யாரை நம்புவது? எனக்கு இப்படி ஆவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் இங்கே வந்து, இரண்டு பேண்டுகளை மேசையில் போட்டு, இடுப்பில் இரண்டு அங்குலம் பிடிக்கச் சொன்னீர்கள். "இயற்கை உணவுடா. உடம்பு கயிறு மாதிரி ஆயிடுச்சு பாரு" என்றீர்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. கூடவே அந்தப் பழுப்புக் கட்டம் போட்ட சட்டையையும் தைத்துக் கொடுத்தேன். உங்கள் சட்டைக்கு மட்டும் வலது தோளில் அரை அங்குலம் கூட்டி வெட்டுவேன், தெரியுமா? பையன்களுக்கு இரும்புக் குண்டு எறிந்து காட்டிக் காட்டி அந்தத் தோள் ஒரு பக்கமாகத் தடித்துவிட்டது. அந்த அரை அங்குலம் அக்காவுக்குத் தெரியாது, உங்களுக்கே தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன் வந்த நாலாம் நாள் உங்கள் கால அட்டவணை கூரியரில் வந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட பெரிய தாள், முப்பது நாள், ஒவ்வொரு நாளைக்கும் நாலு வைத்தியம், பக்கத்தில் கட்டம். முதல் பதினேழு நாள் கட்டங்களில் ஏற்கெனவே நீல மையில் டிக் போட்டிருந்தது. பள்ளிக்கூடத்துப் பழக்கம், டிக் எப்படிப் போடுவது என்று மாதிரி காட்டியிருக்கிறீர்கள் என்று நினைத்து, அதன் மேலேயே நான் சிவப்பில் போட ஆரம்பித்தேன். "மாதிரிக்குப் பதினேழு நாளா?" என்று உங்கள் தங்கச்சி கேட்டாள். அத்தான் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார் என்று அவள் வாயை அடைத்தேன்.

முதல் வைத்தியம் காலை வெயில். ஆறரை மணிக்குச் சூரியனைப் பார்த்து இருபது நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு வெயில் விழுவது ஒரே இடத்தில்தான், மூடியிருக்கும் பேக்கரியின் வாசலில். போய் நின்றேன். ஐந்து நிமிடத்தில் எனக்குப் பின்னால் ஒருவர் நின்றார், அவருக்குப் பின்னால் பையோடு ஒரு அம்மா, அப்புறம் ஒரு ஆட்டோக்காரர், இருபது நிமிடம் முடிந்து நான் திரும்பிப் பார்த்தபோது ஒன்பது பேர். "என்ன குடுக்கறாங்க?" என்று கடைசியில் நின்றவர் கேட்டார். "வெயில்" என்றேன். யாரும் நகரவில்லை, வேறு ஏதோ கொடுக்கப் போகிறார்கள், நான்தான் மறைக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பேக்கரிக்காரர் ஆறே காலுக்கே கதவைத் திறந்துவிட்டு, "தினமும் வந்து நில்லுங்க சார், லீவு மட்டும் போட்டுடாதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வியாபாரம் அவருக்கு, டிக் எனக்கு.

இரண்டாவது வைத்தியம் சிரிப்பு. காரணம் தேவையில்லை, வயிற்றின் அடியிலிருந்து பத்து நிமிடம் என்று அடிக்கோடு வேறு. வீட்டில் சிரித்தால் உங்கள் தங்கச்சி பயப்படுவாள் என்று, கடையில் உடை மாற்றும் அறைக்குப் பின்னால் இருக்கிற சந்தில் நின்று சிரித்தேன். அந்த அறைக்குள் கட்டடக் கான்ட்ராக்டர் ஒருவர் புது பேண்டை இடுப்புக்கு மேல் ஏற்ற முடியாமல் கண்ணாடி முன்னால் மூச்சுப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு எப்படித் தெரியும்? ஹா ஹா என்று ஆரம்பித்தேன். ஹோ ஹோ என்றேன். திரை விலகியது. "என் தொப்பையைப் பாத்தா உனக்கு அவ்வளவு சிரிப்பா இருக்கா?" என்றார். இது வைத்தியம் என்று விளக்கினேன். "யாருக்கு?" என்றார். பாதி ஏறிய பேண்டோடு படி இறங்கிப் போனவர் இதுவரை திரும்பி வரவில்லை, அவருடைய பழைய பேண்டு இன்னும் ஆணியில் தொங்குகிறது.

மூன்றாவது உங்கள் கஷாயம். பச்சையாக, கெட்டியாக, மூடியைத் திறந்தாலே கண்ணில் நீர் வருகிற அந்தச் சாமான் அழுத்திப் பிடித்தால் பீய்ச்சுகிற பாட்டிலில் வந்தது. அதே மாதிரி பாட்டிலில்தான் நாங்கள் இஸ்திரி போடுவதற்குத் தண்ணீர் வைத்திருப்போம். காஜா அம்மா பார்க்காமல் எடுத்து, ஆஸ்பத்திரி நர்ஸம்மாவின் இரண்டு வெள்ளைச் சீருடைகள் மேலும் தெளித்து, சூடாக இஸ்திரியும் போட்டுவிட்டார். நர்ஸம்மா வந்து விரித்துப் பார்த்து, "அண்ணே, இது என்ன கறை?" என்றார். "என் மனச்சோர்வும்மா" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. சண்டை போடுவார் என்று பார்த்தால், சீருடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை நாளாகத் தூக்கமில்லை, சாப்பாடு எப்படி, பிடித்த வேலை எதுவாவது பிடிக்கிறதா, இருந்து என்ன பயன் என்று எப்போதாவது தோன்றுகிறதா என்று ஒன்று விடாமல் கேட்டார். நான் தோள், மார்பு, கை, கழுத்து என்று அளவு எடுப்பேனே, அந்த வரிசையும் நிதானமும் அவரிடம் இருந்தது. கடைசியில் ஒரு சீட்டில் டாக்டர் பெயரும் விலாசமும் எழுதி, "வெயில்ல நடக்கறது நல்லதுதாண்ணே, விடாதீங்க. ஆனா இது அதோட போற அளவு தாண்டிடுச்சு" என்று நீட்டினார். என் அத்தான் இதற்கெல்லாம் சம்மதிக்க மாட்டார் என்று கண்டிப்பாகச் சொல்லி, சீட்டை நூல்கண்டுப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டேன்.

நாலாவது, செடியோடு பேசுவது. ஒரு தொட்டிச் செடி வாங்கி பால்கனியில் வைத்தேன். முதல் நாள் என்ன பேசுவது என்று தெரியாமல் மார்பு முப்பத்தெட்டு, இடுப்பு முப்பத்து நாலு என்று அன்றைய அளவுகளைச் சொன்னேன். நாலாம் நாள் அளவுகள் தீர்ந்துவிட்டன. அதனால் உள்ளதைச் சொன்னேன். கத்தரிக்கோலைத் தூக்கினால் கை வரமாட்டேன் என்கிறது, துணியில் கோடு போட்டால் அது எங்கே போகிறது என்று தெரியவில்லை, காலையில் கண் விழித்ததும் இன்னொரு நாளா என்று அழுகை வருகிறது, உங்கள் தங்கச்சி முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது என்று சொன்னேன். காயப்போட்டிருந்த பெட்ஷீட்டுக்குப் பின்னால் அவள் ஈரத்துணியோடு நின்றது எனக்குத் தெரியாது. பெட்ஷீட்டை விலக்கிக்கொண்டு வந்தாள். "செடிகிட்ட சொன்னதை எங்கிட்ட சொல்ல வாய் வரலையா உங்களுக்கு? நான் பக்கத்துலதானே இருந்தேன்" என்றாள். அவள் அழுதாள், நானும் அழுதேன். இத்தனை நாள் அவளிடம் மறைத்ததை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

ஆக, எப்படியோ, இப்போது நான் தேறிவிட்டேன். போன வாரம் ஆறு சட்டை வெட்டினேன், எல்லாவற்றுக்கும் ஒரு இடது கை, ஒரு வலது கை. காஜா அம்மா ஏதோ சொன்னார், சிரித்தேன். நம்பிக்கை இல்லாமல் அதையே இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார், அதற்கும் சிரித்தேன். மாத்திரை என்ற ஒன்றைக் கையால் தொடவில்லை. டாக்டர் வாசலை மிதிக்கவில்லை. எல்லாம் உங்கள் வெயிலும் சிரிப்பும் செடியும் செய்த வேலை. பாட்டில் காலியானால் சொல்லச் சொன்னீர்கள், இன்னும் ஆகவில்லை, அவசரப்பட வேண்டாம்.

அக்காவுக்கு எங்கள் அன்பைச் சொல்லவும். பெரியவர் நீங்கள், நேரம் கிடைக்கும்போது விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு எங்கள் இருவரையும் வாழ்த்தவும். உங்கள் தோளும் முழங்காலும் நீண்ட நாள் உழைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சை இதுவரை தட்டாத மைத்துனன்.

பின்குறிப்பு: உறையில் வைத்து ஒட்டுவதற்கு முன்னால் ஒருமுறை படித்துப் பார்த்தேன். உங்களுக்கு இதுவரை அளவு தப்பாக எதையும் நான் கொடுத்ததில்லை. இந்தக் கடிதம் அளவு தப்பு, அதனால் தையலைப் பிரிக்கிறேன்.

செடி விஷயம் நடந்த அன்றே நூல்கண்டுப் பெட்டியைத் திறந்து சீட்டை எடுத்தேன். உங்கள் தங்கச்சிதான் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். ஐந்து வாரமாக மாத்திரை சாப்பிடுகிறேன். முதல் இரண்டு வாரம் வாய் உலர்ந்ததைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் பசித்தது. வெயிலை விடக் கூடாது என்று டாக்டரும் சொன்னார். கஷாயத்தை மட்டும் முகர்ந்து பார்த்து, மாத்திரையோடு சேர்த்து இதைக் குடிக்கவே கூடாது என்று பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்.

நேற்று செவ்வாய்க்கிழமை, டாக்டரிடம் எனக்குப் பத்தரை மணிக்கு நேரம். உள்ளே நுழைந்தேன். முன்வரிசையில் ஒருவர் பேப்பரை அகல விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழுப்புக் கட்டம் போட்ட சட்டை. கட்டம் யார் வேண்டுமானாலும் போடலாம் அத்தான், வலது தோளில் அந்த அரை அங்குலத்தை வேறு யார் வைத்திருக்க முடியும்? இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து, ஐந்து நிமிட நடையில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வராமல் உட்கார்ந்திருந்தீர்கள். பக்கத்தில் வந்து பேச வேண்டும் என்றுதான் நினைத்தேன், தைரியம் வரவில்லை. தண்ணீர் கேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். உங்கள் முறை வந்து நீங்கள் எழுந்தபோது பேண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்தீர்கள். நான் இரண்டு அங்குலம் பிடித்த அதே பேண்டு, இப்போது அதுவும் தொளதொள என்று இருக்கிறது.

ராத்திரி அந்த அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். பதினேழு நாள் நீல டிக் மாதிரிக்குப் போட்டது இல்லை என்று இப்போது புரிகிறது. பதினெட்டாம் நாள் உங்களால் எழுந்திருக்க முடியவில்லை, அப்படித்தானே? எனக்காவது பலிக்கட்டும் என்று அனுப்பிவிட்டீர்கள். அன்று உங்கள் இடுப்பில் நாடாவைச் சுற்றியவன் நான்தான். இரண்டு அங்குலம் எங்கே போயிற்று என்று கேட்காமல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். மன்னித்துவிடுங்கள்.

அக்காவுக்கு இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன். நான் சொல்ல மாட்டேன். ஒரு தொட்டிச் செடி வாங்கித் தருகிறேன், அக்கா துணி காயப்போடும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள்.

அடுத்த செவ்வாய் பத்து மணிக்கே வந்துவிடுவேன். பேப்பரை மடித்து எனக்குப் பக்கத்து நாற்காலியில் இடம் பிடித்து வையுங்கள். முடிந்ததும் வீட்டுக்குச் சாப்பிட வரவேண்டும், இது உங்கள் தங்கச்சியின் உத்தரவு. அந்த இரண்டு பேண்டையும் பிடிக்கச் சொன்னபோது மிச்சத் துணியை நான் வெட்டவில்லை, உள்ளேதான் மடித்துத் தைத்திருக்கிறேன். நீங்கள் சாப்பிட ஆரம்பித்ததும் சொல்லுங்கள், பிரித்துவிடுகிறேன்.