மனு கொண்டுவராத ஆள்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பணிவோடு எழுதுவது. நான் நலம். அத்தானும் நலம் என்று அடுத்த வரி எழுதுவதுதான் முறை. அதை நீயே படித்துப் பார்த்து முடிவு செய்துகொள்.

பஞ்சாலை வாசலில் கொடி பிடித்து, சங்கத் தலைவராகி, பாராளுமன்றம் போய், இன்று தொழில்துறை அமைச்சராக இருக்கும் உன் வீட்டுக்காரரின் மேஜைக்குப் போன வாரம் ஒரு கோப்பு வந்தது. அதே பஞ்சாலையை மூடுவதற்கான உத்தரவு. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. மறுநாள் காலையிலிருந்து பார்வையாளர் அறையில் ஓர் ஆள் வந்து உட்கார ஆரம்பித்தான். காக்கிச் சட்டை, தலையெல்லாம் பஞ்சு. கையில் மனு இல்லை, சிபாரிசுக் கடிதம் இல்லை. மனு இல்லாமல் அமைச்சரைப் பார்க்க வருகிற ஆளை, அத்தானுக்கு உதவியாளனாக இருக்கும் இந்த உத்தியோகத்தில் நான் கண்டதே இல்லை. பேர் கேட்டேன், சிரித்தான். டீ கொடுத்தேன், அது பாட்டுக்கு ஆறிப்போனது. காவலாளியிடம், "இவரை யாருப்பா உள்ள விட்டது?" என்றால், "எவரை சார்?" என்று என்னையே மேலும் கீழும் பார்க்கிறான்.

மூன்றாம் நாள் அத்தான் அந்தப் பக்கம் வந்தார். ஆளைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சவரா அத்தான்?"

"என்கூட மெஷின் ஓட்டினவன்டா. பெல்ட்டுல மாட்டிச் செத்தான். அவன் உடம்பை மில் கேட்டுல கிடத்தி வச்சுக்கிட்டுத்தான் நான் முதல் கூட்டமே பேசினேன். இருபத்தெட்டு வருஷம் ஆச்சு."

அந்த ஆள் அன்றுதான் வாயைத் திறந்தான். "தலைவரே, கூட்டம் எப்ப முடியும்? வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவாங்கன்னு பார்த்துக்கிட்டே கிடக்கேன்."

அத்தான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பாராளுமன்றத்தில் மணிக்கணக்காக முழங்குகிற மனுஷன் அன்று அவன் காதருகே குனிந்து, "மில்லை மூட மாட்டேன். நீ கிளம்பு" என்றார். அவன் எழுந்து போனான். கதவு வழியாகத்தான் போனான் அக்கா, அந்த மட்டில் நிம்மதி. அதற்குப் பிறகு வரவில்லை. எனவே நீ கவலைப்படாதே. ஊரில் மில் குவார்ட்டர்ஸில் எல்லோரிடமும் மில் ஓடும் என்று தைரியமாகச் சொல்.

உன் மூட்டுவலி குறையட்டும். பிள்ளைகளுக்கு மாமாவின் ஆசி.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: மறுநாள், உறையை ஒட்டுவதற்கு முன் இதை எழுதுகிறேன். யாரிடமும் எதுவும் சொல்லிவிடாதே. கோப்பு வந்த அன்றைக்கே அத்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாராம். குமாஸ்தா இப்போதுதான் சொன்னார். அத்தான் காலையிலிருந்து அறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு மேடையில் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருக்கிறார். உள்ளே அவரைத் தவிர யாரும் இல்லை. அவர் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் கைதட்டல் கேட்கிறது.